மூன்றாவது பிரேக் லைட்

மழையிலும் காரைக் கழுவுகிறவன் என்று ஏற்காடு டாக்ஸி ஸ்டாண்டில் என்னைக் கேலி செய்வார்கள், மேடம். செய்துவிட்டுப் போகட்டும். என் கார் பழையதுதான், ஆனால் ஒரு பல்பு போனால்கூட மாற்றாமல் சவாரிக்கு எடுக்கமாட்டேன். குழந்தை குட்டிகளோடு ஏறுகிறார்கள், அவர்கள் உயிருக்கு நான்தானே பொறுப்பு. பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் பிரேக் லைட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்.

எங்கள் மலையில் பனி இறங்கிவிட்டால் பட்டப்பகலிலும் எதிரே வெள்ளைச் சுவர்தான். அப்போது பைக்கில் வருகிறவர்கள் ஏதாவது ஒரு காரின் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். ரோட்டைப் பார்க்கமாட்டார்கள், முன்னால் போகிற சிவப்பு விளக்கைத்தான் பார்ப்பார்கள். அது பளிச்சென்று ஆனால் பிரேக் பிடிப்பார்கள், மங்கினால் விடுவார்கள். முன்னால் போகிறவன் தெரிந்த ஆள் என்றால் கேட்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். மாப்பிள்ளைக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

மாப்பிள்ளை என்றால் விஜயகுமார், என் தங்கை கலாவின் புருஷன். அப்பா அம்மா போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். அவளுக்காகத்தான் நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவள் அப்படிக் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். மாப்பிள்ளையைப் பார்த்து முடித்ததும் நானே. சொந்த ஊர் மலைக்குக் கீழே குப்பனூர், இங்கே வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். எங்கள் வீட்டோடு இருக்கச் சம்மதித்தார், அதனால்தான் பெண் கொடுத்தேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவரிடம் ஒரு குறை சொல்லுங்கள் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மூன்றாவது லைட் அவருடைய யோசனைதான்.

"ஏனுங் மச்சான், உங்க வண்டி லைட்டு பனியில நொம்ப மங்கலாத் தெரியுதுங்க. கண்ணாடிக்கு மேல ஒண்ணு போட்டீங்கன்னா பின்னால வர்றவனுக்கு நல்லதுங்க" என்றார். சேலத்தில் அவரே தேடி ஒரு நீளமான லைட்டை வாங்கி வந்தார். பின்கண்ணாடிக்கு மேலே, வெளிப்பக்கமாக, இருவரும் சேர்ந்து மாட்டினோம். நான் பிரேக்கை மிதிக்க, பின்னால் நின்ற கலா, "எரியுதுங்ண்ணா! கண்ணே கூசுது, நம்ம ஊடே செவந்து போச்சு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு குப்பனூரில் அவருடைய அம்மா வழுக்கி விழுந்தார்.

"அம்மா தனியாக் கெடக்கறாங்க மச்சான். நாங்க கீழயே போயிரலாம்னு இருக்கறமுங்க."

நான் கலாவைப் பார்த்தேன். "உனக்குக் கீழ வெயிலு ஒத்துக்காதே, கண்ணு."

"பழகிக்குவனுங்ண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை, மேடம். என்னை விட்டுப் போவதில் கொஞ்சம் வருத்தமாவது இருந்திருக்கலாம்.

பிரேக் பெடலிலிருந்து லைட்டுகளுக்குப் போகிற ஒயரை வெட்டி, நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தேன். அதை அணைத்துவிட்டால் பிரேக் பிடித்தாலும் புது லைட்டும் எரியாது, பழைய லைட்டுகளும் பளிச்சென்று ஆகாது. அந்த மங்கலான சிவப்பு மட்டும் தெரியும். கார் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றுதான் பின்னால் வருகிறவர் நினைப்பார். உங்கள் போலீஸ் ஆட்கள் காரைச் சோதித்தபோது எல்லாம் எரிந்தது, சரிதான். ஸ்டியரிங்குக்கு அடியில் யாரும் கை விட்டுப் பார்க்கவில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று சாமான்களை நான்தான் காரில் ஏற்றினேன். பாத்திரம், மெத்தை, மிக்சி எல்லாம் பின்னால். முன்சீட்டைக் கலாவுக்காகக் காலியாக விட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் காரில் இருப்பாள், அவர் மட்டும் பைக்கில் வருவார், இப்படித்தான் நினைத்திருந்தேன். மத்தியானமே பனி இறங்கிவிட்டது.

"கார்ல ஏறு, கண்ணு. பைக்கு வேண்டாம்."

"அவரத் தனியா உட்டுட்டு வருவனுங்களாண்ணா? நீங்க மின்னால போங்க. உங்க லைட்டப் பார்த்துட்டே வந்துர்றோம்."

பைக்கில் அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். இன்றைக்கு வேண்டாம், பனி விலகட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். கோபம் வந்தது. காரை எடுத்தேன்.

குப்பனூர் ரோட்டில் முதல் சில வளைவுகளுக்கு ஸ்விட்ச் போட்டேதான் இருந்தது. நான் பிரேக் பிடித்தால் அவரும் பிடித்தார், நான் விட்டால் அவரும் விட்டார். விளக்கு சரியாகச் சொல்கிறது என்று அவர் மனதில் பதிய வேண்டும் அல்லவா. தடுப்புச்சுவர் இடிந்து கிடக்கிற வளைவு வந்ததும் அணைத்தேன். மலைப்பக்கம் காரை ஒதுக்கி, பிரேக்கை அழுத்தி மிதித்தேன். விலகுவதற்கு அவருக்குப் பள்ளத்துப் பக்கம்தான் இருந்தது.

மோதவில்லை. நன்றாக ஓட்டுகிறவர், கடைசியில் எப்படியோ பைக்கை ஒடித்துத் திருப்பிவிட்டார். என் காரில் ஒரு கீறல்கூட இல்லை. டயர் தேய்கிற சத்தம் கேட்டது, பிறகு கீழே செடிகள் முறிகிற சத்தம். கலா "அண்ணா" என்று கூப்பிட்டாள். நான் முதலில் ஸ்விட்சைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து இறங்கினேன்.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். கலாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டு வந்தேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். அவளால் நடக்க முடியாது, அதனால் எங்கும் போகவுமில்லை. வீடு பழையபடி ஆகிவிட்டது, அவள் என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அப்புறம் ஒரு நாள் நான் சவாரி போயிருந்த நேரம் பார்த்து, அதற்குள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த அவள் மாமியார் ஆட்களோடு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

குப்பனூர் போனதும், அன்று லைட் எரியவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சரி, எரியவில்லை. நான்தான் அணைத்தேன். அவளும் பின்னால் இருக்கிறாள் என்று தெரிந்தே அணைத்தேன். ஆனால் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், மேடம். முதல் தடவை ஏட்டு எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது, லைட் எரிந்தது, தன் புருஷன்தான் கவனிக்கவில்லை என்று சொன்னாள். என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். என்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.