பாதியில் நின்ற மாதா பாட்டு

காசிமேட்டில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில் எதிரே மீன் கூடைகளோடு இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"புது போன்ல மாதா பாட்டு போட்டுகினு கடலுக்குப் போனாரு எங்க வூட்டுக்காரரு. பாட்டு பாதியில நின்னுச்சுன்னு போட்டையே திருப்பிட்டாருக்கா. அபசகுனமாம்."

"அய்ய, அது நெட்ல ஓடுற பாட்டு. டவர் போனா நிக்கத்தான் செய்யும். டவுன்லோட் பண்ணிக்கினா போனுக்குள்ளயே கெடக்கும்."

"எம்பொண்ணும் அதான் சொன்னா. அவளே பண்ணிக் குடுத்தா. நேத்து டவர் போயும் பாட்டு நிக்கல. காலையில நல்லபடியா கரைக்கு வந்துட்டாரு."

பெரியவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனா பாட்டு முடிஞ்சதும் போட்ல அத்தினி பேரும் மறுபடி பயந்துட்டாங்களாம்க்கா. 'நிக்கல நைனா, முடிஞ்சிடுச்சு'ன்னு இவரு சொன்னப்புறம்தான் வலையையே எறக்குனாங்களாம்."