எதிர் வீட்டுப் பிள்ளைக்குப் பால்

செஞ்சியில் பனமலை பஸ் கிளம்பக் காத்திருந்தோம். முன்சீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

“எங்க வூட்டுக்காரரு ரொம்ப நல்லவருக்கா. அதனாலதான் புள்ள பாலில்லாம கெடந்துச்சு.”

“ஒங்க வூட்ல மாடு இருக்குதேடி?”

“இருக்குது. மனுசன் அடுத்தவங்களுக்காகத்தான் வாழணுமாம். கறக்கற பாலெல்லாம் தெருவுக்குக் குடுத்துடுவாரு. நம்ம புள்ளைக்குக் குடுத்தா சுயநலமாம்.”

“வாங்கிக் குடிக்கறவங்க மட்டும் அடுத்தவங்களுக்காக வாழ வேணாமா?”

“கேட்டேன். அத நாம பாக்கக் கூடாதாம்.”

“அப்புறம் இன்னா பண்ணே?”

“புள்ளயத் தூக்கினு எதிர் வூட்டுக்குப் போயிட்டேன்.”

“ஐயையோ! வந்து கூப்ட்டாரா?”

“இல்லக்கா. விடிஞ்சதும் சொம்பு நெறைய பாலோட வந்தாரு. புள்ளைக்குன்னு குடுத்துட்டு, சிரிச்ச மொகமா போனாரு.”

“அப்போ வூட்டுக்குத் திரும்பிட வேண்டியதுதானே?”

“திரும்புனா பால் நின்னுடுமேக்கா!”