இரண்டாம் கையெழுத்து

அந்த மேசை விளக்கை முடிந்தால் இடது பக்கம் மாற்றி வையுங்கள். எழுதுகிறவரின் கை நிழல் தாளிலேயே விழுகிறது. இப்படியே எழுதினால் ஒரு மணி நேரத்தில் அவருக்குக் கண் வலிக்கும். நான் இருபத்தாறு வருடமாகப் படம் பார்த்துப் பிழைத்தவள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் என்னால் ஓர் அறையில் உட்காரக்கூட முடியாது.

என் வேலையை உங்களுக்கு முன்னால் வந்த அதிகாரியிடம் விளக்கினேன். அவர் தலையாட்டினார், புரியவில்லை. இன்னொரு முறை சொல்கிறேன். செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் படம் அனுப்புகிறது. செவ்வாயின் தென்துருவப் பனியில் தெரிவது என்ன என்று நான் சொல்ல வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வட்டம், ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். வெளிச்சம் மேலிருந்து விழுவதுதான் நம் கண்ணுக்குப் பழக்கம். ஒரு பள்ளத்தின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி உங்களிடம் காட்டினால், நீங்கள் அடித்துச் சொல்வீர்கள், மேடு என்று. அதனால்தான் ஒவ்வொரு படத்தின் வெள்ளை ஓரத்திலும் சூரியன் இருந்த திசைக்கு ஓர் அம்புக்குறி அச்சாகியிருக்கும். முதலில் அம்புக்குறி, பிறகு படம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் அது.

இரண்டாவது பாடம், ஒருவர் பார்த்தது போதாது. எங்கள் படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று பார்த்தவருக்கு. மற்றது, தனியாக உட்கார்ந்து பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டவருக்கு. இரண்டாம் கையெழுத்து விழாத வரை நான் கண்டது எதுவும் கண்டதாகாது.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பனியில் இருநூற்றுப் பதினான்கு மேடுகளைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டு மைதான அகலம். பனிக்கு அடியில் ஏதோ முட்டிக்கொண்டு மேலே வருகிறது என்று எழுதினேன். அதைத் துளையிட்டுப் பார்க்க ஒரு லேண்டர் அனுப்புவது என்று முடிவானது. அலுவலகத்துச் சின்னப் பசங்கள் எனக்கு 'மேடு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். காதில் விழாத மாதிரி போவேன். உள்ளுக்குள் பிடித்திருந்தது. வேறென்ன இருந்தது எனக்கு.

இனி அவளைப் பற்றி. அவள் என் தம்பியின் மனைவி. அவளை அந்த அறையில் வேலைக்குச் சேர்த்தவள் நான். இரண்டு வருடம் பார்த்துவிட்டு, கெட்டிக்காரி என்று தம்பிக்குக் கட்டிவைத்தவளும் நான்தான். வீட்டில் என்னை அண்ணி என்பாள், அலுவலகத்தில் மேடம் என்பாள். ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

எனக்கு இரண்டாம் கையெழுத்துப் போட்டுவந்த பெரியவர் இந்த வருடம் ஓய்வு பெற்றார். லேண்டர் இறங்கும் இடத்தைத் தேர்வுக் குழு முடிவு செய்வதற்கு முன்னால் எல்லாப் படிவங்களையும் புதிதாக எழுதி இரண்டாம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. படிவக் கட்டு அவளிடம் போனது. இரண்டு நாள் வேலை. அவள் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். பத்தாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணி" என்றாள். அலுவலகத்தில், முதல்முறையாக.

"வெயில் ஏற ஏற உறைபனி எங்க அண்ணி கடைசி வரைக்கும் கிடக்கும்? பள்ளத்துலதானே. உங்க மேடு எல்லாத்துலயும் உச்சியிலதான் கிடக்குது."

அது எனக்குத் தெரியாதா. உச்சியில் உறைபனி ஏன் தங்குகிறது என்று நாற்பது பக்கக் கட்டுரை எழுதியவள் நான். நல்ல கட்டுரை. கை தட்டினார்கள். அவள் பழைய அட்டவணை ஒன்றைத் திறந்து காட்டினாள். முதல் வருடம் சூரியத் திசைகளை நான் கையால் ஏற்றிய அட்டவணை. வடக்கிலிருந்து அளக்க வேண்டியதைத் தெற்கிலிருந்து அளந்து ஏற்றியிருந்தேன். அன்றிலிருந்து இயந்திரம் அதையே எடுத்து, அந்த வட்டாரத்துப் படம் ஒவ்வொன்றிலும் அம்புக்குறியைத் தலைகீழாக அச்சடித்துவந்தது. நான் ஏற்றியது என்பதால் ஒருவரும் சரிபார்க்கவில்லை.

இருநூற்றுப் பதினான்கும் பள்ளம் என்றாள். லேண்டர் இறங்கினால் நேரே குழிக்குள் போகும் என்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அண்ணி. நீங்களே குழுவுக்கு ஒரு வரி எழுதிடுங்க. அதுவரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன். அவர்கிட்டகூடச் சொல்லல."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள், காய்ச்சல்காரக் குழந்தையைத் தட்டுவது போல.

என் கோபத்தை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அவள் நேராக இயக்குநரிடம் போய்ப் போட்டுக்கொடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அது தொழில் போட்டி, எல்லா இடத்திலும் இருப்பதுதான். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். அம்புக்குறியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த என்னிடமே வந்து அம்புக்குறியைக் காட்டிவிட்டு, கையையும் தட்டிக்கொடுத்தாள். யாருக்கு யார் தட்டிக்கொடுப்பது. அன்று வீட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எரிச்சல் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. நாளைக்கே சின்னப் பசங்கள் எனக்கு 'பள்ளம் மேடம்' என்று பெயர் மாற்றுவார்கள். அதை நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றும்.

மலைக்குப் போய்வந்த பிறகு எழுதுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். உடனே சரி என்றாள். நல்ல பெண், அதில் சந்தேகமில்லை.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் அலுவலகக் குழு உயரமான ஒரு பனிவெளிக்குப் போகும். மேலிருந்து எடுத்த படத்தில் ஓர் இடத்தைப் பார்ப்போம், பிறகு அதே இடத்தைக் காலால் நடந்து பார்ப்போம். கண்ணுக்குப் பயிற்சி. படம் பார்த்து நடைபாதையைக் குறித்துக்கொடுப்பது எப்போதும் என் பொறுப்பு. இருவர் இருவராகப் போவோம். பனியில் ஒரு விதி உண்டு. காற்று இறுக்கிய மேட்டில் நடக்கலாம். நீளமாகப் பள்ளம் விழுந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. அங்கே அடியில் வெடிப்பு இருக்கும், மேலே பனி மெல்லிய மூடியாகத்தான் கிடக்கும்.

இரண்டாம் நாள் வானம் மூடியிருந்தது. அந்த மாதிரி வெளிச்சத்தில் பனியில் நிழலே விழாது. காலடியில் மேடா பள்ளமா என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் இருக்கும் படத்தை நம்பித்தான் நடக்க வேண்டும். அப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன். முதல் நாளே வந்திருந்தாலும் நான் தயார்தான்.

படம் உங்கள் மேசையில் இருக்கிறது. ஆமாம், ஓரத்தை வெட்டியது நான்தான். தங்கியிருந்த இடத்துச் சமையலறைக் கத்தரிக்கோல். அம்புக்குறியும் படம் எடுத்த நேரமும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி, நீளப் பள்ளம் நீள மேடாகத் தெரியும்படி வைத்து, அதன் முதுகோடு சிவப்புப் பென்சிலால் பாதை போட்டேன்.

அவள் கேட்காமல் இல்லை. "அம்புக்குறி எங்க அண்ணி?" என்றாள். "பிரிண்டர் தின்னுடுச்சு" என்றேன். சிரித்தாள். "நீங்க பார்த்தா சரிதான்" என்று மடித்து உள்பைக்குள் வைத்துக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள், அந்தப் படத்தைப் பிடுங்கிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பாள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் என்னை ஒரு பெரிய தப்பில் பிடித்திருந்தாள். மறுபடியும் என்னைக் கேள்வி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். நான் வளர்த்த பெண்.

கயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மேட்டில் நடக்கக் கயிறு எதற்கு என்றேன். கயிறு என் பையில் இருந்தது.

அவள் முன்னால் போனாள், நான் பன்னிரண்டு அடி பின்னால். பனி சத்தமில்லாமல் உள்வாங்கியது. அவள் அடிவரை போகவில்லை. முப்பது அடி ஆழத்தில் ஒரு பனித்திட்டில் விழுந்து கிடந்தாள். கால் ஒடிந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "அண்ணி, கயிறப் போடுங்க" என்றாள்.

இதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. அவள் விழுந்ததும் போய்விட்டாள், வலி தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொன்னால் நல்லது. அவன் தாங்க மாட்டான்.

நான் விளிம்பில் குப்புறப் படுத்து அவளைப் பார்த்தேன். "அது என்னன்னு சொல்லு" என்றேன்.

"எது அண்ணி?"

"என் இருநூத்திப் பதினாலும்."

அவள் கை உள்பைமேல் போனது. ஓரம் வெட்டிய படம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கெட்டிக்காரி என்று சொன்னேன் அல்லவா. பிறகு, "மேடு அண்ணி" என்றாள். சரியாகக் கேட்கவில்லை என்றேன். "மேடுதான் அண்ணி. எல்லாமே மேடுதான்." மூன்றாம் முறையும் சொன்னாள், அழுதுகொண்டே.

நான் கயிற்றைப் போடவில்லை. மேலே வந்தால் மாற்றிப் பேசுவாள். எனக்கு அவளைத் தெரியும். கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் கூப்பிட்டாள், கடைசியில் அண்ணி என்றுகூட இல்லை, வெறும் சத்தம். அது நின்ற பிறகு வாக்கி டாக்கியில் வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்தபோது நான் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். அது நடிப்பு என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. தவறு, அடித்துவிடுங்கள். எனக்கு இருந்தது அவளும் தம்பியும்தான்.

மூன்றாம் நாள் உடலை எடுத்தபோது உள்பையில் படம் கிடைத்தது. எந்தப் பிரிண்டரும் அவ்வளவு நேராகத் தின்னாது என்று கண்டுபிடித்தீர்கள். நல்ல கண். வீட்டில் அவள் மேசை இழுப்பறையிலிருந்து படிவக் கட்டைத் தம்பி எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதைப் பற்றி அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. இதுவரை ஒருமுறைகூட என்னைப் பார்க்க அவன் வரவில்லை. வருவான்.

எல்லாம் ஒப்புக்கொண்டாயிற்று. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேலை பாக்கி. வியாழக்கிழமை குழு கூடுகிறது. அந்தப் படிவங்களில் இரண்டாம் கட்டம் காலியாக இருக்கிறது என்று, அவள் ஒப்புக்கொள்ளவில்லை என்று, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொண்டாள். மூன்று முறை, தெளிவாக, வாய்விட்டுச் சொன்னாள். கேட்ட சாட்சி நான் இருக்கிறேன். அந்தக் கட்டத்தில் அவள் பெயரை எழுதுங்கள், பக்கத்தில் நேரத்தையும் போடுங்கள். காலை பத்தே முக்கால்.