இரண்டாவது சாட்சி

ஊரில் எனக்கு நல்ல பெயர், ஃபாதர். சாந்தோமிலிருந்து அடையாறு வரை எந்தப் பங்குக் கோயிலில் கேட்டாலும் உயில் ஆஸ்டின் என்றால் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, சொத்தையும் குடும்பத்தையும் காப்பது எப்படி என்று சிரிக்கச் சிரிக்கப் பேசுவேன். முதல் பாடமே இதுதான்: கிறிஸ்தவர்களான நமக்குள்ள சட்டப்படி, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயில் கொடுக்கும் சொத்து சேராது. இதைச் சொல்லி எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.

என் அப்பா பவுல்சாமியின் உயிலையும் நான்தான் எழுதினேன். மயிலாப்பூர் வீடு தங்கை சோஃபியாவுக்கு, மற்றதெல்லாம் எனக்கு. டீச்சர் வேலையை விட்டு, வந்த வரன்களையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள். நியாயம்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்வீட்டு வேம்பு சார் வந்துவிட்டார். இன்னொருவர், சோஃபியாவோடு முன்பு வேலை பார்த்த தேவானை டீச்சர். அவருக்குக் காலையிலேயே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

"டீச்சர் வரலையாம்பா. இப்போ இன்னா பண்றது?" என்றேன்.

"வெளியாள் எதுக்குடா? நம்ம பாப்பா போடட்டும்."

சோஃபியா ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே வந்தாள். "எங்கண்ணே போடணும்?"

இடத்தைக் காட்டினேன். அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கையெழுத்துப் போடுகிறவளின் பேனாவைப் பிடுங்க முடியுமா?

போன வருடம் அப்பா தவறினார். உயில் ஒப்புதலுக்காகக் கோர்ட்டுக்குப் போனது. அவளுக்குச் சேர முடியாத வீடு, மற்றதோடு சேர்ந்து என்னிடம் வந்துவிட்டது. இப்போது அவள் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, "நீ இன்னா வேணும்னேவா பண்ண? அன்னிக்கு உனக்கு மறந்து போச்சு. விடுண்ணே," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இன்னும் நம் கோயிலுக்குத்தான் வருகிறாள். என்னைப் பார்த்தால் சிரித்து, பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறாள். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கிறது. அதனால் மூன்று ஞாயிறாக நான் பூசைக்கு வரவில்லை.

அந்தப் பாவத்துக்குத்தான், ஃபாதர், மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறேன்.