அம்மாவின் கைப்பேச்சு

ஆம்பூரில் மதராஸ் ரயிலேறி எனக்கு எதிரே உட்கார்ந்தவரின் கைகள் தோல் வேலையில் கறையேறியிருந்தன. பக்கத்திலிருந்த மகளைக் கேட்டார்: “நீ போய்ட்டா உங்கம்மாகிட்ட யாரு பேசறது?”

நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மகள் சிலோனுக்குப் போகிறாளாம். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் சம்பளம் வாங்காமல் ஒரு வருஷம் பாடம் சொல்லித்தர. வீட்டில் அம்மாவுக்கும் காது கேட்காது, பேச்சும் வராது.

“நீதான் பேசணும், நைனா. கையால.”

“இத்தனை வருசமா நீதானே சொல்லுவே. எனக்கு இன்னா தெரியும்? நெஞ்சு வலின்னா எப்படிக் காட்டுவா?”

அவள் காட்டினாள். அவரும் தடுமாறிக் காட்டினார்.

“தலை சுத்தினா?”

அதையும் காட்டினாள்.

“பயந்துட்டா?”

“அதுக்கு அம்மா கை காட்டாது. உன் சட்டையை இறுக்கிப் புடிச்சுக்கும்.”

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

“இன்னிக்குக் காலைல சட்டையைப் புடிச்சுக்கினா. ரயிலுக்கு நேரமாச்சுன்னு விரலைப் பிரிச்சுட்டு வந்துட்டேன்” என்றார்.