இடது கன்னமும் பச்சைக்கல்லும்

டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், அண்ணாச்சி. இருங்காட்டுக்கோட்டை டீ சூடாக இருக்கும்வரைதான் டீ. மகாராஜா ஏன் பாதித் தாடியோடு ஊர் வந்து சேர்ந்தான் என்று கேட்கத்தானே இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நீங்கள் அவனுக்குத் தாய்மாமன், மகள் கவியாவைக் கொடுப்பதாக இருந்தவர். கேட்க வேண்டியவர்தான். நானும் அவனும் ஒரே அறை, ஒரே கம்பெனி என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருக்கிற ஒரே பைத்தியம் கல். சவரக் கத்தி தீட்ட எந்தக் கல் தோதுப்படும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கடையில் விற்கிற கல்லில் யார் வேண்டுமானாலும் தீட்டலாம். பூமியில் சும்மா கிடக்கிற ஒரு கல்லை எடுத்து வந்து, தண்ணீர் தெளித்து, கத்தியைப் படுக்கவைத்துத் தேய்த்து, தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்துப் பார்க்கிற சுகமே தனி. பழைய இரும்புக் கடையில் ஒரே மாதிரி இரண்டு மடக்குக் கத்திகள் வாங்கினேன். சிவப்பு நூல் கட்டியது என் பழைய கருங்கல்லுக்கு. அது தேறிய கல், ஒருநாளும் மோசம் செய்ததில்லை. புதிதாக எந்தக் கல் கிடைத்தாலும் வெள்ளை நூல் கத்தியில்தான் சோதனை. கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருப்பவன் நான். சோதனை என்றால் ஒரு முறை வேண்டும்.

கத்தி தேறியதா என்று முடிதான் சொல்லும். என் முகத்திலோ தாடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முதலில் என் கை முடி தீர்ந்தது. பிறகு அறையிலிருந்த ஜெகதீஷின் கை முடி. அவன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். அதன்பின் வீட்டுக்கார முனியம்மாளின் கிடா. தாடி போனதில் கிடாவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. முனியம்மாளுக்குத்தான் இருந்தது.

"ஆட்டு தாடிய எவன்டா எட்த்தது? இப்ப பாத்தா என் மாமியா மாறியே கீது."

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் புதுக் கம்பெனிக்காக வயலைத் தோண்டினார்கள். ஜேசிபி புரட்டிப் போட்ட மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைக்கல் கிடந்தது. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. இதற்கு ஆட்டுத் தாடி போதாது என்று நினைத்தேன்.

மகாராஜாவுடையது ஐந்து மாதத் தாடி. பெர்மனென்ட் ஆகும்வரை முகத்தில் கத்தி படாது, ஆனதும் திருச்செந்தூர் வந்து இறக்குகிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தான். பெர்மனென்ட் ஆனால்தான் கவியா என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். தப்பே இல்லை. காண்டிராக்டில் இருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? எனக்கும்தான் கொடுக்கவில்லை.

வேண்டுதலில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அண்ணாச்சி. ஆனால் தாடி வளர வளர சூப்பர்வைசர் அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். ஓ.டி. எல்லாம் அவனுக்கே போயிற்று. கடைசியில் பெர்மனென்ட் இன்டர்வியூவுக்கு எங்கள் செக்ஷனில் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். இடம் ஒன்றுதான். இன்னொருவன் நான்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்து அடித்துப் போட்டது போல் தூங்கிக்கொண்டிருந்தான். ஒருக்களித்த வாக்கில் இடது கன்னம் மேலே இருந்தது. ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. இப்படிப்பட்ட முடி இனி எங்கே கிடைக்கும்? தேங்காய் எண்ணெய் தடவினேன். வெந்நீர்த் துணியால் ஒற்றினேன். தலைமாட்டில் உட்கார்ந்து பதமாக எடுத்தேன். நடுவில் ஒருமுறை தூக்கத்தில் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு கன்னத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க மறு கன்னம் வேண்டுமல்லவா.

எழுந்து கண்ணாடியைப் பார்த்தவன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

"ஏலே மாரி, முருகன் கேட்டா நான் என்னத்தலே சொல்லுவேன்?"

கல்லைக் காட்டி விளக்கினேன். இன்டர்வியூவில் தாடியைப் பற்றியெல்லாம் கேட்க மாட்டார்கள் என்றேன். காதில் ஏறவில்லை. சாமியிடம் மன்னிப்புக் கேட்காமல் வேலையில் போய் உட்கார்ந்தால் கவியாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான். மீதியையாவது எடுத்துவிடுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கிட்டவே விடவில்லை.

மறுநாள் நான் மட்டும் போனேன். அவன் எங்கே என்று கேட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான் என்றேன். கம்பெனிக்குச் சொல்லாமல்தானே போனான். ஆர்டர் எனக்கு வந்தது. இப்போது கவியாவுக்கு வேறு இடம் பார்க்கிறீர்கள் என்று கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நானும் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான், பெர்மனென்ட்தான். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

டீயை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்?

பழகாத கல்லில் தீட்டிய கத்தியைத் தூங்குகிறவன் கழுத்துப் பக்கம் கொண்டுபோனாயே என்று கேட்கிறீர்கள். நான் அவ்வளவு பொறுப்பில்லாதவன் இல்லை, அண்ணாச்சி. புதுக் கல் பிசிறு வைக்கும். முடியைப் பிடித்து இழுத்தால் விழித்துக்கொள்வான். அதனால் அன்றைக்கு சிவப்பு நூல் கத்தியைத்தான் எடுத்தேன். பச்சைக்கல் அதோ அந்த ஜன்னலில்தான் இருக்கிறது, பாருங்கள். அதில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பட்டதில்லை.