பாலம், பள்ளம், பழம்

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களைப் போல நம்பிக்கையான ஜனங்களை நான் பார்த்ததில்லை. எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அச்சடித்தவனைத் திட்டுவார்கள், வெளிச்சம் போதவில்லை என்பார்கள், வயதாகிவிட்டது என்று பெருமூச்சு விடுவார்கள். கண்ணாடி செய்து கொடுத்தவனை மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். உங்கள் கண்ணாடியில்கூட இடது பக்கத் திருகு தளர்ந்திருக்கிறது, ரேஞ்சர் அய்யா. எழுதி முடித்ததும் கொடுங்கள், முடுக்கித் தருகிறேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடிக்கிறாரே, அந்தப் பெரியவர் என் மாமனார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது. கழுத்தில் விசில் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டார். அவருக்குப் பக்கத்தில் இடுப்பு வரை சேறு காய்ந்து போய் உட்கார்ந்திருப்பவர் என் சகலை. என் மனைவியின் தங்கை புருஷன். அவர் காலில் சேற்றைச் சுரண்டிவிடுவது அந்தத் தங்கை. என் மனைவி இன்று எங்களோடு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை, இன்று அவள் முறை. நீங்கள் போன் செய்திருப்பதால் வந்துகொண்டிருப்பாள்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் உங்கள் காட்டுக்கு வருவோம். உச்சியில் இருக்கிற மொட்டைப் பாறை வரை நடந்துவிட்டுத் திரும்புவோம். பதினொரு வருடமாக இதுதான் வழக்கம். நுழைவாயிலில் வண்டியை விட்டு இறங்கியதும் மாமனார் விசிலை ஊதி, "பெரிய மாப்பிள்ளை முன்னால போகட்டும்" என்பார். பெரிய மாப்பிள்ளை நான்தான். வீட்டில் என் பேச்சுக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. கடையிலோ, நாள் முழுவதும் அடுத்தவர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் சும்மா நிற்கிறேன். மாதத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், நான் முன்னால் போவேன், நாலு பேர் என் பின்னால் வருவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், மாதத்தின் மற்ற நாட்களை அதற்காகத்தான் ஓட்டினேன்.

போன வருடம் சகலை அந்தக் கருவியை வாங்கினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற மஞ்சள் பெட்டி. மேலே இருக்கிற செயற்கைக்கோள்களிடம் கேட்டு, நாம் நிற்கிற இடத்தைச் சொல்லும். போக வேண்டிய இடத்தை அமுக்கினால் அம்புக்குறி காட்டும்.

"பன்னிரண்டு சேட்டிலைட்டு, மாமா. வானத்துல பன்னிரண்டு பேரு நமக்காக வேலை பார்க்கறாங்க" என்றார் சகலை.

"பன்னிரண்டு பேரா? ராத்திரி ஷிப்டுக்கு ஆள் உண்டா?" என்று கேட்டார் மாமனார்.

"இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, மாமா."

மாமனார் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். அவ்வளவுதான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியதும் "சின்ன மாப்பிள்ளை முன்னால போகட்டும்" என்றார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அன்று பாறை வரை என் மைத்துனியின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், அய்யா. பொறாமைப்படுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. ஒரு குடும்பமே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பெட்டியை நம்பிக் காட்டுக்குள் போகிறதே என்ற அக்கறைதான். அந்த அக்கறையில்தான் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதலில் கண்ணாடி. சகலை ஒரு நாள் கடைக்கு வந்து, "மெஷின்ல எழுத்து பொடிசா இருக்கு, சகலை. கிட்டத்துல பார்க்க ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க" என்றார். சோதித்துப் பார்த்தேன். ப்ளஸ் இரண்டு பவர் வேண்டியிருந்தது. ப்ளஸ் ஒன்று போட்டுக் கொடுத்தேன். அட்டையை அவர் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்துவிட்டு, "பளிச்சுனு இருக்கு, சகலை. உங்க கை ராசி" என்று சொல்லிப் போனார். ஃபிரேம் நல்ல ஃபிரேம், அதில் நான் குறை வைக்கவில்லை.

அதன் பிறகு நான் எதிர்பார்த்தபடியே ஆனது. கருவியோடு வந்த கையேட்டை அவரால் வாசிக்க முடியவில்லை. என்னிடம் கொண்டுவந்தார். அதில் ஒரு விஷயம் போட்டிருந்தது: திசைகாட்டி சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால், கருவியை மட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். நான் பன்னிரண்டு என்று வாசித்தேன். ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழுந்த பிறகும் செய்ய வேண்டும் என்பதை நானாகச் சேர்த்தேன். அதற்குப் பின் ஏழெட்டு மாதம், ஒவ்வொரு நடையிலும் நாலைந்து தடவை, கல்யாணமாகி ஒரு கம்பெனியில் மேலாளராக இருக்கிற மனிதர், வழியில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க, தட்டாமாலை சுற்றினார். சுற்றி முடித்துவிட்டு ஏதாவது ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பது செகண்டு. போன தடவையைவிட முன்னேற்றம்" என்பார். அப்படியும் மாமனாருக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டேதான் போனது. வேறு வழியில்லாமல்தான் நான் அடுத்த காரியத்துக்கு வந்தேன்.

போன மாதம் சகலை தனியாக இங்கே வந்து, முக்கியமான இடங்களை எல்லாம் கருவியில் குறித்துவைத்துவிட்டுப் போனார். அதில் தமிழ் எழுத்து கிடையாது, இங்கிலீஷ் எழுத்தில்தான் பேர் வைக்க வேண்டும். அதையும் அம்புக்குறிப் பொத்தானால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்க வேண்டும். அதனால் மனிதர் சுருக்கமாக வைத்துவிட்டார். ஓடையைக் கடக்கிற மரப்பாலத்துக்குப் பாலம் என்று, PALAM, ஒற்றை எல். அதற்கு இந்தப் பக்கம், பாதையைவிட்டு இடப்புறம் இறங்கினால் ஒரு சேற்றுப் பள்ளம் இருக்கிறதல்லவா, அங்கே யாரும் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக அதையும் குறித்து, பள்ளம் என்று, PALLAM, இரட்டை எல். என்னிடம் பெருமையாகச் சொன்னார். "ஒரு எல்லுதான் வித்தியாசம், சகலை. ஆனா உயிர் வித்தியாசம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்று காலை எட்டே கால் மணிக்குப் பாதை பிரிகிற இடத்துக்கு வந்தோம். சகலை பன்னிரண்டு சுற்று சுற்றி முடித்தார். கருவியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தார். மைத்துனி எட்டிப் பார்த்தாள்.

"பழம்னுல்ல போட்டிருக்கு? வழியில பழக்கடை இருக்கா?"

"பலம்மா அது, பலம். நடந்தா உடம்புக்குப் பலம்" என்றார் மாமனார்.

"அட சும்மா இருங்க, அது பாலம்" என்று சகலை கருவியை என்னிடம் நீட்டினார். "சகலை, உங்களுக்குத்தான் கண்ணு தெளிவு. பாலத்தை அமுக்கிக் குடுங்க."

எழுத்தை வாசிப்பதுதான் என் தொழில், அய்யா. சுவரில் தொங்குகிற அட்டையின் கடைசி வரியை, கடைக்கு வெளியே நின்றே வாசிப்பேன். மேலே ஒற்றை எல் இருந்தது, கீழே இரட்டை எல் இருந்தது. கீழே இருந்ததை அமுக்கிக் கொடுத்தேன்.

சகலைக்குக் குழி பறித்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். குழி ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

அம்புக்குறி பாதையைவிட்டு இடப்பக்கம் காட்டியது. சகலை புதரை விலக்கிக்கொண்டு இறங்கினார். "குறுக்கு வழி போலிருக்கு" என்று மாமனார் சந்தோஷப்பட்டார். முந்நூறு மீட்டர் என்றது, நூறு என்றது, கடைசியில் மூன்று மீட்டர் என்றது. எதிரே கரும்பச்சையாகச் சேறு. பாலத்தைக் காணவில்லை. கண்ணால் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் நின்றிருப்பார். சகலை கருவியைப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கணும். இன்னும் மூணே மீட்டரு" என்று சொல்லி, அந்த மூன்று மீட்டரையும் நடந்தார்.

இடுப்பு வரை போனார். கருவி கை நழுவி உள்ளே போனது. மாமனாரை நான் தடுத்திருக்கலாம். தடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் விசில் ஊதிவிட்டார். ஊதிய பிறகு வண்டி நிற்காது என்பது அவர் கொள்கை. அவரும் முட்டிக்கு மேலே வரை போனார். சேற்றுக்குள்ளிருந்து கருவி, இடம் வந்துவிட்டது, இடம் வந்துவிட்டது என்று கீச்கீச்சென்று சொல்லிக்கொண்டிருந்தது. வாங்கினால் அந்தக் கம்பெனி சாமான்தான் வாங்க வேண்டும், அவ்வளவு உறுதி.

நானும் மைத்துனியும் அவள் துப்பட்டாவைப் போட்டு இரண்டு பேரையும் இழுத்தோம். மாமனாரின் ஒரு செருப்பு உள்ளேயே இருந்துவிட்டது. சகலை அழுதார். "எல்லாம் என் தப்பு, சகலை. பாலத்துக்கும் பள்ளத்துக்கும் நான்தான் பேரு மாத்தி வச்சிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு நிமிர்ந்து நின்று, "பெரிய மாப்பிள்ளை முன்னால போகட்டும்" என்றார். சங்கடம் போய்விட்டது. ஒரு வருடம் கழித்துக் காதில் விழுந்த வார்த்தை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முன்னால் போனேன். பிற்பகல் மூன்றரை மணி வரை முன்னால் போனேன். பத்து மணிக்கு அந்தப் பள்ளத்துக்கே திரும்பி வந்தோம். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும். உள்ளே கருவி இன்னும் கூவிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை வந்தபோது மாமனார், "இந்த ஸ்டேஷன் ஏற்கெனவே வந்துச்சே, மாப்பிள்ளை" என்றார். கிராசிங்குக்காக நிற்கிறோம் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். மைத்துனி மட்டும், "மாமா, உங்களுக்கு நிஜமாவே வழி தெரியுமா?" என்று கேட்டாள். அது கேட்கக் கூடாத கேள்வி. நுழைவாயிலிலிருந்து நூற்றைம்பது அடி தூரத்தில், கழிப்பறைக்குப் பின்னால், நீங்கள் எங்களைக் கண்டுபிடித்தீர்கள்.

ஒன்றும் சொல்லாமல் நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். சகலை எல்லாப் பழியையும் ஏற்றுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் உங்கள் படிவத்தில், குழுவை வழிநடத்தியவர் என்கிற இடத்தில் அவர் பெயரை எழுதினீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுந்து வந்து சொன்னேன். கண்ணாடி, பன்னிரண்டு சுற்று, இரட்டை எல், எல்லாம் நான் செய்தது. பள்ளத்துக்குப் பிறகு நடத்திக்கொண்டு போனதும் நான்தான். தயவுசெய்து அடித்துத் திருத்துங்கள்.

அப்படி வழி தெரிந்தவன் எதற்காக ஏழு மணி நேரம் சுற்றினாய் என்று கேட்கிறீர்கள். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். எனக்கு வழி தெரியாது. ஒரு நாளும் தெரிந்ததில்லை. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும், எனக்குப் பின்னால் வருகிற என் மனைவி தொண்டையைச் செருமுவாள். ஒரு செருமல் என்றால் இடது, இரண்டு செருமல் என்றால் வலது. நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்காத பெண் அவள். இன்று அவள் வரவில்லை.

அவளே வந்துவிட்டாள், பாருங்கள். வாசலில் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது.

"என்னங்க சொல்றீங்க? நான் எங்க உங்களுக்கு வழி காட்டினேன்? எனக்கு அந்தக் காட்டுப் பூ ஒத்துக்காதுங்க. பதினொரு வருஷமா சொல்றேன், தொண்டை அரிக்குதுன்னு. காதுல வாங்கினாத்தானே?"

நீங்கள் சிரிக்கிறீர்கள், அய்யா. இந்தக் காட்டில் எந்தப் பாதையில் போனாலும் பாறைக்குத்தான் போய்ச் சேரும், பாதையைவிட்டு இறங்கினால்தான் ஆபத்து என்கிறீர்கள். இருக்கட்டும். அவள் வழி காட்டவில்லை என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். அப்படியென்றால் பதினொரு வருடமும் எங்களைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனது நான்தான் என்று ஆகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மாமனாரைக் கூப்பிட்டு ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டிவிடுங்கள்.